தள்ளிவிட்ட வட்டங்கள்

பேசுவதற்கு முன்னால் என் தம்பி தார்மோ வாயை ஒருமுறை திறந்து மூடுவான். அப்படி மூடினால் உள்ளே ஒரு சொல் வந்து நிற்கிறது என்று பொருள். எதிரில் இருப்பவர் கொஞ்சம் பொறுத்தால் அது வெளியே வரும். பொறுக்காமல் வேறு பேச்சை எடுத்துவிட்டால் வந்த வழியே திரும்பிப் போய்விடும். பிறகு எத்தனை முறை கேட்டாலும் கிடைக்காது. எனக்கு இது அவன் சின்னப் பையனாக இருந்தபோதே தெரியும். நான் அவனுக்குப் பதினொரு வயது மூத்தவள். அம்மா காகித ஆலைக்கு வேலைக்குப் போன நாட்களில் அவனுடைய பனிச்சறுக்குக் கட்டைக்கு மெழுகு தேய்த்துக் கொடுத்தது நான்தான். எப்போதும் என் பின்னாலேயே சுற்றுவான்; ரயிலிக்கு ஒரு வால் முளைத்திருக்கிறது என்று தெருப் பிள்ளைகள் கேலி செய்தது அவனைத்தான்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் அவன். நான் கட்டாயப் பள்ளியை முடித்ததோடு சரி. திரைச்சீலை தைக்கும் கடையில் சேர்ந்தேன், இன்றுவரை துணி வெட்டுகிறேன். வடக்குப் பின்லாந்தில் எங்கள் ஔலு நகரத்து ஜன்னல்களில் பாதியில் நான் வெட்டிய துணிதான் தொங்குகிறது என்று தார்மோ நண்பர்களிடம் சொல்வான். அது மிகை. நாங்கள் இருக்கும் துய்ரா பகுதியில் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

படிப்பை முடித்ததும் அவன் பெரிய கைபேசி நிறுவனத்தில் சேர்ந்தான். அந்தக் காலத்தில் ஔலுவில் வீட்டுக்கு ஒருவர் அங்கேதான் இருந்தார்கள். பிறகு நிறுவனம் சுருங்கியது. வெளியே அனுப்பப்பட்டவர்களில் நாலைந்து பேர் சேர்ந்து துறைமுகத்துப் பக்கம் ஒரு பழைய கிடங்கில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். அவர்களுக்குத் தலைவன்போல இருந்தவன் இல்ப்போ. நன்றாகப் பேசுவான், தார்மோவுக்கும் சேர்த்துப் பேசுவான்.

அவர்கள் செய்த பொருளின் கரு என் வெட்டுமேசையிலிருந்து போனது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, தார்மோவே எல்லோரிடமும் சொன்னான். சனிக்கிழமைகளில் என்னை அழைத்துப்போகக் கடைக்கு வந்து ஓரமாக உட்கார்ந்திருப்பான். துணி எடுக்க வருகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று வாயால் சொல்லத் தெரியாது. நான் மாதிரித் துண்டுகளை மேசைமேல் பரப்பிவிடுவேன். அவர்கள் பிடித்ததைத் தங்கள் பக்கம் இழுப்பார்கள், பிடிக்காததை ஒதுக்குவார்கள். இழுத்ததைப் பார்த்து நான் அதே சாயலில் இன்னும் நாலு துண்டு எடுத்துப் போடுவேன். ஒதுக்கிய சாயலை மறுபடி காட்டமாட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர்களுக்கு வேண்டிய துணி அவர்கள் கைக்குக் கீழே இருக்கும்.

தார்மோ அதைக் கைபேசித் திரைக்குக் கொண்டுபோனான். இணையத்தில் எதையாவது தேடினால் மேலிருந்து கீழாக நீளும் வரிகள் இல்லை. நீங்கள் கேட்ட சொல் நடுவில் நிற்கும். கிடைத்தவை அதைச் சுற்றி வட்டம் வட்டமாக மிதக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு படம், இரண்டொரு சொல். வேண்டியதை விரலால் நடுவுக்கு இழுத்தால் அதன் உறவுகள் பின்னாலேயே வரும். வேண்டாததைச் சுண்டினால் அதன் உறவுகளையும் கூட்டிக்கொண்டு போய்விடும். போனது திரையின் ஓரத்தில் சிறு புள்ளியாக ஒட்டிக்கொள்ளும். அதே விஷயத்தை எத்தனை இடங்களில் சொல்லியிருக்கிறார்களோ அத்தனைக்குப் புள்ளி கறுக்கும். அதைத் தொட்டு உள்ளே இழுத்தால் திரும்ப வரும். ஆனால் யாரும் தொடுவதில்லை. எல்லோருக்கும் பிடித்தது சுண்டுவதுதான். அதில் ஒரு சுகம் இருந்தது, என் விரலுக்கே தெரிந்தது. உணவு மேசையில் விழுந்த ரொட்டித் துணுக்கைச் சுண்டிவிடுவதுபோல.

அதற்கு அவர்கள் வைத்த பெயர் வளையம்.

முதல் குளிர்காலத்தில் சோதித்துப் பார்க்க ஆட்கள் வேண்டும் என்றான். கணினி ஆட்கள் வேண்டாம், சாதாரண ஆட்கள் வேண்டும். நான் எங்கள் அடுக்குமாடியில் வீடு வீடாகக் கேட்டேன். பலர் சேர்ந்தார்கள். அவர்களில் மூன்றாம் மாடி ஹில்க்காவும் ஒருத்தி.

ஹில்க்கா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. பனிப்புயலிலும் வண்டியைத் தாமதமாக்காதவள் என்று பேர். தனியாக இருந்தாள். வெள்ளிக்கிழமை மாலை எங்கள் கட்டடத்து நீராவிக் குளியலறையான சவுனாவில் பெண்கள் முறை வரும்போது, சூடு அதிகமான மேல்தட்டில் உட்கார்ந்து, காய்ந்த கல்மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே பயணிகளைத் திட்டுவாள். அவளுக்கு வளையம் உடனே பிடித்துப் போனது.

"உன் தம்பி நல்லது பண்ணியிருக்கான், ரயிலி. முன்னெல்லாம் தேடினா இணையம் எனக்குப் பிரசங்கம் பண்ணும். இப்ப வாயை மூடுன்னு சுண்டிடறேன்."

"அவன்கிட்டயே சொல்லு."

"சொன்னா வெட்கப்பட்டு ஓடிடுவான்."

குளிர்காலம் முழுக்க அவள் பேருந்து முனையத்தில் நிற்கும் இடைவேளைகளில் அதைத்தான் நோண்டிக்கொண்டிருந்தாள்.

மே மாதம் பனி போனதும் எங்கள் கட்டடத்தில் கூட்டுவேலை நாள் வரும். நடைபாதையில் வழுக்காமலிருக்கக் குளிர்காலத்தில் கொட்டிய மணலை எல்லோரும் சேர்ந்து வாரிக் கூட்டுவோம். முடிந்ததும் முற்றத்தில் தீ மூட்டித் தொத்திறைச்சி சுடுவது, காபி, ஏலக்காய் பன். தார்மோ பக்கத்துக் கட்டடத்தில் குடியிருந்தான். ஆனாலும் என் பங்கு மணலை வார வருவான்.

அன்று ஹில்க்கா கையில் மணல்வாரியை வைத்துக்கொண்டு நின்றதே அதிகம். முகம் வெளுத்திருந்தது. குளிர்காலம் முடிந்த முகம் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். காபி மேசையில் அவள் கைபேசியை எடுத்துத் தார்மோவின் முன்னால் வைத்தாள்.

"இங்க பாரு இஞ்சினியரே. உன் வளையத்தை என்னைவிட அழகா யாராவது வெச்சிருக்காங்களா சொல்லு."

நானும் எட்டிப் பார்த்தேன். நடுவில் 'வயிறு' என்று இருந்தது. சுற்றிலும் அழகான படங்கள். ரை ரொட்டி. புளூபெர்ரிக் கஞ்சி. உட்கார்ந்தே வேலை செய்கிறவர்களுக்கு மூலம். வசந்தகாலக் களைப்பு. நடைப்பயிற்சி.

"டிசம்பர்ல ஆரம்பிச்சப்போ எப்படி இருந்துச்சு தெரியுமா? ஒரே சாவு வீடு. எதைத் தொட்டாலும் பயமுறுத்தல். ஒவ்வொண்ணாத் தள்ளினேன். இப்பப் பாரு, எப்படித் தெளிஞ்சு கிடக்கு."

"கஞ்சி கேக்குதா வயிறு?" என்று எதிரில் இருந்த கிழவர் ஒருவர் கேட்டார்.

"கேக்குது. கறுப்பாவும் போகுது. புளூபெர்ரி தின்னா அப்படித்தானே."

"காபி குடிக்கிற இடத்துல இதெல்லாம் பேசணுமா?" என்றார் அவர். எல்லோரும் சிரித்தோம்.

தார்மோ சிரிக்கவில்லை. அவன் வட்டங்களைப் பார்க்கவில்லை, திரையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓரம் முழுக்கப் புள்ளிகள். என் கண்ணுக்கு அது ஒரு கறுப்புப் பட்டிபோலத் தெரிந்தது. திரைச்சீலைக்கு ஓரம் அடித்தால் வருமே, அதுபோல. அவன் வாய் திறந்தது. மூடியது.

நான் பொறுத்திருப்பேன். ஆனால் ஹில்க்காவுக்குப் பொறுக்கத் தெரியாது.

"என்ன, நல்லா இல்லையா?"

மேசையைச் சுற்றி அத்தனை முகங்கள். அவள் அவனைப் பாராட்டிக்கொண்டிருக்கிறாள். நடுவில் அவளுடைய வயிறு.

"நல்லா இருக்கு," என்றான் தார்மோ.

ஹில்க்கா கைபேசியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் என் வீட்டுக்கு வழக்கமான காபிக்கு வரவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டேன், வேலை இருக்கிறது என்றான். மறுவாரம் தெருவில் பார்த்தபோது மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தான். சக்கரத்தில் காற்று இருந்தது, சங்கிலி சரியாக இருந்தது. ஏன் ஓட்டவில்லை என்று கேட்டேன். ஓட்டிக்கொண்டிருப்பதாக நினைத்தேன் என்றான்.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை, சவுனாவில் ஹில்க்கா மேல்தட்டுக்கு ஏறவில்லை. கீழ்த்தட்டிலேயே உட்கார்ந்தாள். மெலிந்திருந்தாள். நான் அதைக் கண்டேன். சவுனாவில் உடுத்தாமல் உட்காருவோம், மறைக்க ஒன்றும் இல்லை. கண்டும் தண்ணீரை எடுத்து ஊற்றினேன்.

"உன் தம்பியோட பொருள் கெட்டுப்போச்சு," என்றாள்.

"என்ன ஆச்சு?"

"தள்ளினது திரும்பி வருது. ராத்திரி தள்ளினா காலையில வந்து நிக்குது, கடன்காரன் மாதிரி. முன்னெல்லாம் ஒரு தட்டுல போயிடும். இப்ப இன்னும் கொஞ்சம் பெருசா வருது."

"எல்லாமே வருதா?"

"இல்ல. ஒண்ணே ஒண்ணுதான். பெருங்குடல் என்னமோ." அவள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி பண்ணச் சொல்லு அவனை. எனக்கு வெறுப்பா இருக்கு."

மறுநாள் நானே அவன் வீட்டுக்குப் போனேன், சொல்லிவிட்டுத்தான்; எங்கள் ஊரில் முன்கூட்டிச் சொல்லாமல் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. அங்கே இல்ப்போவும் இருந்தான். கோட்டைக்கூடக் கழற்றாமல் நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"ரயிலி, நல்ல நேரத்துல வந்தீங்க. உங்க தம்பிகிட்ட நீங்களாவது கேளுங்க. யாரையும் கேக்காம இவன் வளையத்தை மாத்தியிருக்கான். எல்லார் கைபேசிக்கும் போயிடுச்சு. ஒருத்தர் எதிர் ஹாக்கி அணியைத் தள்ளினாராம், தினமும் காலையில அவனுங்க மூஞ்சி பெருசா வந்து நிக்குதாம். இன்னொரு அம்மா முன்னாள் புருஷன் ஊரைத் தள்ளினாங்களாம். எங்க நிறுவனத்தை வாங்கறவங்க கோடையில வந்து பாக்கப் போறாங்க. இதையா காட்டறது?"

"எது ரொம்பக் கறுத்திருக்கோ அது மட்டும்தான் திரும்பி வரும்," என்றான் தார்மோ.

"ஏன்?"

தார்மோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இல்ப்போ கையை விரித்துக் காட்டிவிட்டுப் போனான்.

நான் காபி போட்டேன். ஹில்க்கா சொன்னதைச் சொன்னேன். அவன் கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"எது திரும்பி வருதுன்னு சொன்னாளா?"

"பெருங்குடல்னு சொன்னா."

வாய் திறந்து மூடியது. இந்த முறை குறுக்கே பேச யாரும் இல்லை. நான் ஜன்னலோரம் போய்த் திரைச்சீலையின் மடிப்புகளைச் சரிசெய்துகொண்டு நின்றேன். அந்த மடிப்புகள் ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தன.

"அக்கா, அவ குளிர்காலம் முழுக்க அதைத் தள்ளிக்கிட்டு இருந்திருக்கா. மலத்துல ரத்தம், எடை குறையுது, கறுப்பாப் போகுது, இதெல்லாம் போட்டுத் தேடியிருக்கா, ஓரத்துப் புள்ளிகளை எனக்குப் படிக்கத் தெரியும். வளையம் முதல் நாளே சரியானதைத்தான் காட்டியிருக்கு. டாக்டரைப் பாருன்னு காட்டியிருக்கு. அவ சுண்டினா. அதோட சொந்தம் பந்தம் எல்லாத்தையும் அது கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு. நான்தான் அப்படிப் பண்ணச் சொல்லியிருந்தேன். ஒண்ணைத் தள்ளினா மத்ததும் போகணும், மக்களுக்கு வேலை மிச்சம்னு."

"கூட்டுவேலை அன்னிக்கே இது உனக்குத் தெரிஞ்சுதா?"

"ஓரத்தைப் பாத்தவுடனே."

"சொல்லியிருக்கலாமே."

"நல்லா இருக்குன்னு சொன்னேன்." அவன் கையைப் பார்த்தான். "அக்கா, நல்லா இருக்குன்னு சொன்னேன்."

அதனால்தான் பொருளை மாற்றியிருக்கிறான். மூன்றாம் மாடியில் போய் மணி அடிக்கத் துணிவில்லாமல், கிடங்கில் உட்கார்ந்து அத்தனை பேருடைய கைபேசியையும் திருத்தியிருக்கிறான், அந்த ஒரு வட்டம் அவளிடம் திரும்பிப் போகட்டும் என்று. பல்கலைக்கழகம் போன பிள்ளை. எனக்குக் கோபம் வந்தது. கூடவே, இதுவும் எங்கள் வீட்டு வழக்கம்தானே என்றும் தோன்றியது. அப்பாவுக்கு மூச்சு வாங்கியபோது அம்மா ஒன்றும் கேட்காமல் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டாள்.

"போய்ச் சொல்லு," என்றேன்.

"எப்படி? ஒரு பொம்பளைகிட்டப் போய், உனக்கு ரத்தம் போகுதான்னு கேக்கறதா?"

"வேற எப்படிக் கேப்ப?"

"அவ என்கிட்ட வயித்தைக் காட்டல அக்கா. வளையத்தைத்தான் காட்டினா."

"நான் சொல்லட்டுமா? சவுனாவுல சொன்னாச் சுலபம்."

"வேணாம். தள்ளுன்னு சொல்லிக் கொடுத்தவன் நான்."

ஹில்க்காவின் சமையலறை ஜன்னலுக்கு அளவெடுத்துத் தருவதாக நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். மறுநாள் போனேன். முக்காலிமேல் ஏறி அளவுநாடாவை விரித்தபோது வாசல் மணி அடித்தது. ஹில்க்கா திடுக்கிட்டாள்.

"யாரு? யாரும் வரேன்னு சொல்லலியே."

கதவைத் திறந்தாள். தார்மோ காலணிகளைக் கழற்றிக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஃபோன் பண்ணாம வந்திருக்கான். யார் செத்தா?" என்று என்னிடம் கேட்டாள்.

"யாரும் சாகல," என்றான் தார்மோ.

"அப்ப உள்ள வா. செருப்பைக் கீழ வை. பொருளைச் சரி பண்ண வந்தியா?"

"அது கெடல."

"கெடலியா? தள்ளினது திரும்பி வருதுப்பா."

"நான்தான் வர வெச்சேன்."

ஹில்க்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் முக்காலியிலிருந்து இறங்கவில்லை. இறங்கினால் ஏதாவது பேசிவிடுவேன் என்று தோன்றியது.

வாய் திறந்தது. மூடியது. அடுப்பில் கெட்டில் கொதித்து அடங்கியது. ஹில்க்காவும் இந்த முறை குறுக்கே பேசவில்லை. எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தியதுபோல.

"ஹில்க்கா, ரத்தம் போகுதா?"

"புளூபெர்ரி," என்றாள் அவள்.

"ரத்தம் போகுதா?"

அவள் மேசைத்துணியின் ஓரத்தை விரலால் நீவினாள். "போகுது."

"எப்பலேர்ந்து?"

"கிறிஸ்துமஸுக்கு முன்னாலேர்ந்து."

"நாளைக்கு டாக்டரைப் பாக்கணும். நீ தள்ளினதெல்லாம் அதைத்தான் சொல்லுது. எல்லா இடத்துலயும் அதையே சொல்றாங்க. அதனாலதான் அது அவ்வளவு கறுப்பு."

"தள்ளச் சொல்லிக் கொடுத்தவன் நீதானே," என்றாள் ஹில்க்கா. குரலில் கோபம் இல்லை. வழி கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஆமா."

"அப்புறம் எதுக்குத் திருப்பி அனுப்பறே?"

காலணிகள் இன்னமும் அவன் கையில் இருந்தன. அவற்றிலிருந்து வசந்தகால மணல் அவளுடைய சுத்தமான தரையில் உதிர்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் குனிந்து உள்ளங்கையால் கூட்டத் தொடங்கினான்.

"விடு," என்றாள் அவள். "ரயிலி, காலையில சுகாதார நிலையத்துக்கு நீ கூட வரியா?"

போனேன். அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். கோடையில் அறுவை நடந்தது. கட்டி குடலின் சுவரைத் தாண்டியிருந்தது. மலம் சேர வயிற்றின் பக்கவாட்டில் கொஞ்ச காலத்துக்கு ஒரு பை வைத்தார்கள். இலையுதிர்காலம் முழுக்கப் புற்றுநோய் மருந்து ஏற்றினார்கள். அவளைப் பார்க்க நான் போவேன். தார்மோ மருத்துவமனை வாசல்வரை என்னோடு வந்து, மிதிவண்டி நிறுத்துமிடத்தில் நின்றுகொள்வான்.

"உள்ள வா," என்பேன்.

"நான் இங்க இருக்கேன்."

ஒரு நாள் மருத்துவர் பேசிக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன், கூட்டுவேலை நாளிலிருந்து அவன் மணி அடித்த நாள்வரை நழுவிய அந்தச் சில வாரங்களைப் பற்றி. அவனுக்கு ஓர் ஆறுதல் கொண்டுபோகலாம் என்ற எண்ணம்தான். மருத்துவர் நிதானமான பெண். அந்தச் சில வாரங்களால் பெரிய மாற்றம் இல்லை என்றார். குளிர்காலத்திலேயே வந்திருந்தால் மட்டும் நிலைமை வேறு. அறுவையோடு முடிந்திருக்கலாம், இத்தனை மருந்து தேவைப்பட்டிருக்காது.

வெளியே வந்து அதை அப்படியே சொன்னேன். முதல் பாதியோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அளவைக் குறைத்துச் சொல்ல எனக்கு வராது. அவன் கேட்டுக்கொண்டு நின்றான். நான் எந்தப் பாரத்தை இறக்க நினைத்தேனோ அதைவிடப் பெரியதை ஏற்றிவிட்டேன் என்பது அவன் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. பேசாமல் இருந்த வாரங்கள் அல்ல, குளிர்காலம். குளிர்காலத்தில் அவன் அவளிடம் பேசவே இல்லை. அவன் செய்த பொருள்தான் பேசியது. அதுவும் அவள் கேட்க விரும்பியதை மட்டும்.

அவனைப்போல ஒருவனை இப்படிப் பார்ப்பது கடினம். கிடங்குக்குப் போனான், வேலை செய்தான், தன் பங்குக்கு வரி கட்டினான். ஆனால் தொட்ட எதையும் ஒதுக்கமாட்டாதவன் ஆகிவிட்டான். விளம்பரத் தாள்களைக்கூடத் தூக்கிப் போடாமல் அடுக்கி வைத்தான். என் வீட்டில் சாப்பிடும்போது வேண்டாத காளானைத் தட்டோரம் தள்ளிவிட்டு, பிறகு அதையும் எடுத்துத் தின்றான். சிரிக்கலாம் என்று பார்த்தால் சிரிப்பு வரவில்லை.

அடுத்த மார்ச்சில் ஹில்க்கா மறுபடி பேருந்துக்கு வந்தாள், அரைநாள் வேலைக்கு. பையை எடுத்துவிட்டிருந்தார்கள். அவள் வண்டி வரும் நேரம் எங்களுக்கு மனப்பாடம். அந்த நேரத்தில் தார்மோ நிறுத்தத்தில் நிற்கமாட்டான். பனியும் தண்ணீரும் குழம்பிக் கிடந்த சாலையில் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு போவான், அல்லது அவள் வண்டியை விட்டுவிட்டு அடுத்ததில் வருவான்.

ஒரு மாலை நான் திரைச்சீலைக் கட்டோடு கடையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். கட்டின் மறுமுனையைத் தார்மோ பிடித்திருந்தான். ஈரப்பனி கொட்டியது. பாலத்துக்கு முன்னால், நிறுத்தமே இல்லாத இடத்தில், எங்கள் பக்கத்தில் ஒரு பேருந்து வந்து நின்றது. முன்கதவு திறந்தது.

"ஏறுங்க," என்றாள் ஹில்க்கா.

"இங்க நிறுத்தம் இல்லியே," என்றான் தார்மோ.

"தெரியும். நான்தான் ஓட்டறேன். துணி நனையுது, ஏறு."

ஏறினோம். வண்டியில் நிறையப் பேர் இருந்தார்கள். யாரும் எங்களைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதில் எங்கள் ஊர்க்காரர்கள் தேர்ந்தவர்கள். ஹில்க்கா வண்டியை எடுக்கவில்லை. கண்ணாடியில் தார்மோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாள் இப்படி என் வண்டியைப் பாத்தாப் புதருக்குள்ள ஓடப்போற?"

"நான் ஓடல."

"நேத்து ஓடின. பாத்தேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இங்க கேளு. கூட்டுவேலை அன்னிக்கு நீ நல்லா இருக்குன்னு சொன்ன. உன் வாய்தான் சொல்லிச்சு. மூஞ்சி வேற ஒண்ணைச் சொல்லிச்சு. அதையும் நான் பாத்தேன்."

தார்மோ கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"பாத்தியா?"

"பாத்தேன். பாத்துட்டு ஃபோனை எடுத்துப் பையில போட்டேன். உன் மூஞ்சியையும் தள்ளிவிட்டேன், தெரியுதா? அதுக்கு வளையம் எதுவும் வேண்டியிருக்கல. எனக்கே வரும்."

பின்னால் ஒருவர் மெதுவாக இருமினார். அவ்வளவுதான்.

"இருந்தாலும் சுலபமாக்கினது நான்," என்றான் தார்மோ.

"ஆமா. சுலபமாக்கின." அவள் அதை மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அவன் நம்பியிருக்கமாட்டான் என்று எனக்குத் தோன்றுகிறது. "அந்தத் திரும்பி வர்ற வட்டம், இன்னும் இருக்கா?"

"இருக்கு. வாங்கறவங்க அதை எடுக்கச் சொல்றாங்க. யாருக்கும் பிடிக்கல. இல்ப்போவும் எடுன்னுதான் சொல்றான். நாளைக்குப் பதில் சொல்லணும்."

"என்ன சொல்லப் போற?"

"எடுக்கமாட்டேன்னு."

"எடுக்கலைன்னா?"

"அவங்க வாங்கமாட்டாங்க. இல்லைன்னா என்னை விட்டுட்டு வாங்கிட்டு, அவங்களே எடுத்துடுவாங்க."

"எனக்கும்தான் அது பிடிக்கல," என்றாள் ஹில்க்கா. "மூதேவி மாதிரி காலையில வந்து நிக்கும்." அவள் கதவை மூடப் பொத்தானில் கை வைத்தாள். வைத்தவள் அழுத்தவில்லை. தார்மோவின் வாய் திறந்து மூடியதை அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டாள்.

காத்திருந்தாள். திறந்த கதவு வழியே ஈரப்பனி உள்ளே வந்து படியில் கரைந்தது. வண்டிக்குள் இருந்த அத்தனை பேரும் காத்திருந்தார்கள். தாமதமாக்காதவள் என்று பேர்வாங்கிய பெண், அவளுடைய வண்டி தாமதமாகிக்கொண்டிருந்தது.

"ஹில்க்கா, அடுத்த பரிசோதனை எப்ப?" என்றான் தார்மோ. வண்டி முழுக்கக் கேட்கும்படிதான் கேட்டான். அவனுக்கு அவ்வளவு குரல் உண்டு என்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

"வியாழக்கிழமை."

"நான் வரட்டுமா? உள்ள வரைக்கும்."

ஹில்க்கா பொத்தானை அழுத்தினாள். கதவு மூடியது.

"வா," என்றாள். "ஃபோன் பண்ணிட்டு வா."